நாற்றம் யாருடைய மூக்கில் இருக்கிறது?

பிலிப்பினோ உணவுதான் அடுத்து உலகைக் கலக்கப்போகிறது என்று அமெரிக்க உணவு விமர்சகர்கள் சொல்ல ஆரம்பித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2012-இல் ஆண்ட்ரூ சிம்மர்ன் சொன்னார். 2017-இல் ஆண்டனி போர்டெய்ன், பன்றித்தலைக் கறியைப் பொடியாக நறுக்கி இரும்புத் தட்டில் சுடச்சுடத் தரும் சிசிக் உலகத்தின் மனதைப் பிடித்துவிடும் என்றார். அதற்குப் பிறகும் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த 'அடுத்து' மட்டும் வந்தபாடில்லை. தாய்லாந்து உணவகம் இல்லாத அமெரிக்க நகரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிலிப்பினோ உணவகம் உள்ள நகரத்தையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனைக்கும் அமெரிக்காவில் வாழும் பிலிப்பினோ வம்சாவளியினர் 40 லட்சத்துக்கும் அதிகம். ஆசியர்களில் சீனருக்கும் இந்தியருக்கும் அடுத்த பெரிய கூட்டம் அவர்கள்தான். தாய்லாந்துக்காரர்கள் சில லட்சம் பேர்தான்.

ஏன் இப்படி என்று கேட்டால் பதில்கள் தயாராக இருக்கின்றன. எல்லாம் பழுப்பாக இருக்கிறது, பார்க்க அழகில்லை. கொழுப்பு அதிகம். ரத்தத்தைக் குழம்பு வைக்கிறார்கள். இறாலை அழுகவிட்டுத் தின்கிறார்கள். ஸ்பானியமா, சீனமா, மலாயா என்று தெரியாத கலப்படம், அதற்கென்று ஓர் அடையாளம் இல்லை. பிலிப்பினோக்களே இதையெல்லாம் சொல்வதுண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மெக்சிகோவின் மோலே என்ன நிறம்? ரத்தத்தைக் குடலில் அடைத்து பிரெஞ்சுக்காரர்கள் பூதான் நுவார் என்கிறார்கள், ஸ்பானியர்கள் மோர்சில்லா என்கிறார்கள், அதைத் தின்பவர்கள் நாகரிகமானவர்கள். அழுகல் வாடை பிரச்சினை என்றால் ஐரோப்பியப் பாலாடைக்கட்டிகளில் பாதியைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். தாய்லாந்து, வியட்நாம் சமையலில் ஊறவைத்த மீன் சாறு இல்லாத பண்டம் குறைவு. கலப்படமா? வியட்நாமின் பான் மீயில் இருப்பது பிரெஞ்சு ரொட்டி. ஜப்பானின் ராமென் சீனாவிலிருந்து போனது. ஆக, சொல்லப்படும் எந்தக் குறையும் பிலிப்பினோ தட்டில் மட்டும் இருப்பதில்லை. அதே ரத்தம், அதே வாடை, அதே கலப்பு வேறொருவர் தட்டில் இருந்தால் ருசியாகிறது. மூக்கு முதலில் பார்ப்பது தட்டைக் கொண்டுவந்து வைக்கும் கையைத்தான்.

இது நமக்குப் புதிய செய்தியா என்ன?

டினுகுவான் என்பது பன்றி ரத்தத்தில் வினிகர் ஊற்றி வைக்கும் குழம்பு. நம் ஊர் ஆட்டு ரத்தப் பொரியலைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சி ஏதுமில்லை. பகூங் என்பது உப்பில் ஊறவைத்த பொடி இறால், சென்னாகூனிக்குச் சொந்தக்காரி. சினிகாங் புளி கரைத்த கறிச்சாறு. உணவு வரலாற்றை எழுதிய டோரின் பெர்னாண்டஸ், நாட்டின் அடையாளம் என்று எல்லோரும் சொல்லும் அடோபோவைவிட இந்தப் புளிச்சாறுதான் பிலிப்பினோ நாக்குக்கு நெருக்கமானது என்று வாதிட்டார். கருவாடு வறுத்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஊரிலிருந்து, 'சைவம் மட்டும்' என்று வாடகை விளம்பரம் வரும் ஊரிலிருந்து இந்தக் கதையைப் படிக்கிறோம். இனவெறியும் சாதியும் ஒன்றல்ல, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தைக் கீழே வைக்க அதன் அடுப்பை அசிங்கம் என்று அறிவிக்கும் உத்தி இரண்டுக்கும் பொது.

அந்த அறிவிப்புக்குத் தேதியும் இடமும் உண்டு. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸை அமெரிக்கா 2 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. எதிர்த்துப் போராடியவர்களைக் கொன்று குவித்தது. பிறகு 1904-இல் செயின்ட் லூயிஸ் நகர உலகக் கண்காட்சியில் 47 ஏக்கர் ஒதுக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ மனிதர்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தது. கூட்டம் முண்டியடித்தது இகோரோட் மலைமக்களைப் பார்க்க. காரணம், நாய்க்கறி. அந்த மக்கள் சடங்குகளின்போது உண்பதை அங்கே கூட்டம் சேர்க்கும் வேடிக்கையாக்கினார்கள். பத்திரிகைகள் நாய் நாய் என்றே எழுதின. லட்சக்கணக்கான அமெரிக்கர்களுக்குப் பிலிப்பினோ உணவு முதன்முதலில் அறிமுகமானது இப்படித்தான்: வேலிக்கு அந்தப் பக்கம், அருவருக்கத்தக்கதாக. நூறாண்டு கழித்து ஃபியர் ஃபேக்டர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பலூட் எனும் கருவுற்ற வாத்து முட்டையை, பூச்சி புழுக்களின் வரிசையில், தைரியச் சோதனையாக வைத்தார்கள். மணிலாவில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் தெருவோரம் நின்று உப்புத் தொட்டுச் சாப்பிடும் எளிய பண்டம் அது. 1904-இன் வேலி அப்படியே நிற்கிறது, கேமரா மட்டும் புதிது.

கண்காட்சி அமெரிக்கர்களுக்கு. பிலிப்பினோக்களுக்குப் பள்ளிக்கூடம். 1901-இல் தாமஸ் என்ற கப்பலில் அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். ஆங்கிலத்தோடு சுகாதாரமும் மனையியலும் பாடமாயின. பெண்பிள்ளைகள் அமெரிக்கச் சமையலைப் பள்ளியில் கற்றார்கள். தகரப் பெட்டியில் வந்தது சுத்தம், அம்மா கையால் பிசைந்தது சந்தேகம் என்ற எண்ணம் இப்படி ஊட்டப்பட்டதுதான். இதை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணின் பெயரை இங்கே சொல்லியாக வேண்டும்: மரியா ஒரோசா. சியாட்டிலில் வேதியியல் படித்துவிட்டு நாடு திரும்பியவர். இறக்குமதித் தக்காளி கெட்சப்புக்குப் பதில் வாழைப்பழக் கெட்சப் செய்தார். சோயாவிலிருந்து சத்துமாவு செய்தார், போர்க்காலத்தில் அது பலரின் உயிர் காத்தது. 1945 பிப்ரவரியில் மணிலா போரில் குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். இன்று அந்தக் கெட்சப் இல்லாத பிலிப்பினோ வீடு குறைவு. ஆனால் வெளிநாட்டு விமர்சகர் கண்ணுக்கு அது 'மலிவான இனிப்புச் சாறு'.

பழியை எல்லாம் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது. வசதியான பிலிப்பினோ வீடுகளில் இரண்டு சமையலறை இருக்கும். ஒன்று விருந்தாளி பார்க்க, பளபளவென்று. இன்னொன்று பின்புறம், பணிப்பெண் நின்று வேகும் இடம், மீன் பொரிவதும் பகூங் வதங்குவதும் அங்கேதான். அந்தப் பின்சமையலறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டர்ட்டி கிச்சன். அழுக்கு அடுப்படி! வீட்டு வரைபடத்திலேயே அப்படித்தான் எழுதுவார்கள். குடும்பம் தினமும் தின்பது அங்கே வெந்ததைத்தான், ஆனால் அது அழுக்கு. பெரிய குடும்பத்து விழா மேசையில் ஸ்பானியப் பெயருள்ள பண்டங்கள் முன்வரிசையில் நிற்கும். தன் வீட்டுச் சோற்றையே பின்வாசல் வழியாக உள்ளே விடுகிற மேல்தட்டு, அதை உலகத்தின் முன்வாசலில் வைத்து விற்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி? எச்சில் எடுப்பவர் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நம் வீடுகள் நினைவுக்கு வந்தால் அது தற்செயல் அல்ல.

இனி அமெரிக்காவுக்குப் போனவர்களின் கதை. 1920-களிலும் 30-களிலும் போன பிலிப்பினோக்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். கலிபோர்னியாவில் அஸ்பாரகஸ் வெட்டினார்கள், கோடையில் அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகளுக்குப் போனார்கள். பயிரோடு பயிராக இடம் மாறுகிறவன் எங்கே கடை போடுவான்? ஸ்டாக்டன் நகர விடுதி வாசலில் 'பிலிப்பினோக்களுக்கு நிச்சயமாக அனுமதி இல்லை' என்று பலகை தொங்கியது. 1930-இல் வாட்சன்வில்லில் வெள்ளைக் கும்பல் அவர்களை வேட்டையாடியது. சீனர்களும் இதே வெறுப்பைச் சந்தித்தவர்கள்தான். ஆனால் 1915-க்குப் பிறகு உணவக உரிமையாளர்களை வணிகர்களாகக் கருதி விசா கொடுக்க ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வழி செய்தது. உணவகம் திறப்பது சீனருக்கு நாட்டுக்குள் நுழையும் கதவாயிற்று, ஊருக்கு ஊர் சீன உணவகம் முளைத்தது. அன்று அமெரிக்கக் குடிமகனும் அல்லாத, அந்நியனும் அல்லாத காலனிப் பிரஜையான பிலிப்பினோவுக்கு அப்படி ஒரு கதவின் தேவையும் இல்லை, கடை போட முதலும் இல்லை. 1965-க்குப் பிறகு பெருந்தொகையாக வந்தவர்கள் ஆங்கிலம் பேசும் செவிலியர்கள். அவர்களுக்கு மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. அவர்கள் உணவகம் திறக்காததற்குக் கூச்சம் மட்டும் காரணம் என்பது பாதி உண்மைதான்.

சமையலறைக்குள் விடப்பட்ட பிலிப்பினோக்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படை 1947 ஒப்பந்தத்துக்குப் பின் பிலிப்பைன்ஸிலிருந்தே ஆளெடுத்தது. 1970-களின் தொடக்கம் வரை அவர்களுக்குக் கிடைத்த பணி கிட்டத்தட்ட ஒன்றே ஒன்று, அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறி, துணி மடித்து, ஷூ துடைக்கும் ஸ்டூவர்ட் வேலை. வெள்ளை மாளிகையின் தலைமைச் சமையல்காரராக 2005 முதல் 2024 வரை இருந்த கிறிஸ்டெட்டா கோமர்ஃபோர்ட் மணிலாவில் பிறந்தவர். கை அமெரிக்காவின் உச்ச அடுப்படி வரை போய்விட்டது. குழம்பு போகவில்லை.

அரசு என்ன செய்தது? 2002-இல் தாய்லாந்து அரசு உலகெங்கும் தாய் உணவகங்களைப் பெருக்கத் திட்டம் போட்டது, சமையல்காரர்களுக்குப் பயிற்சியும் கடனும் கொடுத்தது. கொரியாவும் 2009 வாக்கில் அதே வழியில் இறங்கியது. பிலிப்பைன்ஸ் அரசும் திட்டம் போட்டது, அதற்கு முன்பே. 1974-இல் மார்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் மனிதர்களை ஏற்றுமதி செய்யும் திட்டம். 1988-இல் கோரசோன் அக்கினோ அவர்களை 'புதிய நாயகர்கள்' என்று புகழ்ந்தார். இன்று சுமார் ஒரு கோடிப் பேர் வெளிநாட்டில். ஹாங்காங்கிலும் ரியாத்திலும் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்குச் சோறூட்டுகிறார்கள். தாய்லாந்து சமையலை அனுப்பியது, பிலிப்பைன்ஸ் சமையல்காரியை அனுப்பியது. பணிப்பெண்ணிடம் யாரும் அவள் ஊர்ச் சமையலைச் செய்யச் சொல்வதில்லை. முதலாளி வீட்டுச் சமையலை அவள் கற்றுக்கொள்ள வேண்டும்.

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ணேந்து ராய் உணவக விலைப்பட்டியல்களை வைத்து ஒன்றை நிறுவினார். ஒரு நாட்டு உணவுக்கு அமெரிக்கர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது அந்த நாட்டு மக்களை அவர்கள் எந்தப் படியில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இத்தாலியர் ஏழைத் தொழிலாளிகளாக வந்து இறங்கியபோது பூண்டு நாறியது, அவர்கள் மேலேறிய பின் அதே பூண்டு மணந்தது. ஜப்பான் பணக்கார நாடானதும் பச்சை மீன் கலையாயிற்று. உணவைச் செம்மைப்படுத்தினால் அங்கீகாரம் வரும் என்று பிலிப்பினோ இளைஞர்களுக்கு உபதேசிப்பவர்கள் இந்த வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள்.

'வாஷிங்டனின் பேட் செயின்ட் உணவகத்துக்கு 2016-இல் தேசிய அளவில் பாராட்டு குவிந்ததே, 2022-இல் சிகாகோவின் கசாமாவுக்கு மிச்சிலின் நட்சத்திரம் கிடைத்ததே' என்று கேட்பீர்கள். மகிழ்ச்சிதான், கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் பேட் செயின்ட் 2022-இல் மூடப்பட்டது. நட்சத்திர உணவகம் பெருகுவதால் மட்டும் வீட்டு வேலைக்காரியின் மதிய உணவுப் பெட்டி மரியாதை பெறாது. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்திய உணவு உலகெங்கும் புகழ்பெற்றுவிட்டது என்கிறோம். எது போனது? உடுப்பி இட்லியும் தோசையும் போயின. கருவாட்டுக் குழம்பு போகவில்லை, மாட்டுக் குடல் வறுவல் போகவில்லை. மராத்வாடா தலித் சமையலை ஷாஹு படோலே மராத்தியில் எழுதிப் புத்தகமாக்கியது 2015-இல்தான். ஒரு நாட்டின் உணவு உலகப்புகழ் பெறும்போது அந்த நாட்டுக்குள் யாருடைய அடுப்பு உடன் போகிறது, யாருடையது பின்கட்டிலேயே நிற்கிறது என்று கேட்காமல் கைதட்ட நமக்கு உரிமை இல்லை.

ஜாலிபீயைப் பற்றியும் கேட்பார்கள். 1998-இல் டேலி சிட்டியில் முதல் அமெரிக்கக் கிளை திறந்தது, இன்று பல நாடுகளில் வரிசை நிற்கிறது. விற்பது பொரித்த கோழி, இனிப்பு ஸ்பாகெட்டி, பர்கர். அமெரிக்கா கொண்டுபோய்க் கொடுத்ததைப் பிலிப்பினோ நாக்குக்கு மாற்றி அமெரிக்காவுக்கே திருப்பி விற்கிறார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. டினுகுவான் மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது.

2020-இல் கொரோனா வந்தது. அமெரிக்கப் பதிவுச் செவிலியர்களில் பிலிப்பினோக்கள் சுமார் 4 சதவீதம். அந்த ஆண்டு செப்டம்பரில் செவிலியர் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி, கொரோனாவில் இறந்த பதிவுச் செவிலியர்களில் அவர்கள் 31.5 சதவீதம். மூச்சுக்குழாய் செருகவும் மலம் அள்ளவும் அந்தக் கைகள் வேண்டும். அந்தக் கை பிசைந்த சோறு என்றால் மட்டும் யோசனை.

கடைசியாக, போர்டெய்ன் புகழ்ந்த அந்த சிசிக். இன்று நாம் அறிந்த வடிவம் பம்பாங்கா மாகாணத்து ஆஞ்செலஸ் நகரில் பிறந்தது. பக்கத்தில் இருந்தது கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளம். தளத்துச் சமையலறை பன்றித் தலைகளை வேண்டாமென்று ஒதுக்கியதாகவும், அவை மலிவாகச் சந்தைக்கு வந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். ரயில் பாதையோரம் கடை வைத்திருந்த லூசியா குனானன், எல்லோருக்கும் லூசிங் அக்கா, 1970-களில் அந்தத் தலைகளை வேகவைத்து, காதையும் தாடையையும் சுட்டு, நறுக்கி, வெங்காயமும் கலமான்சி எலுமிச்சையும் சேர்த்துப் பரிமாறினார். 1991-இல் பினடூபோ எரிமலை வெடித்த கையோடு அமெரிக்கர்கள் தளத்தைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். சிசிக் அங்கேயேதான் இருக்கிறது.