சம்பளத் தேதியும் மன அமைதியும்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். பன்னிரண்டு பேர் பணிபுரிகின்றனர். வாகன உதிரி பாகங்களைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் செய்து கொடுப்பதே தொழில். அங்கே பத்தாண்டுகளாகப் பிழையின்றி வேலை செய்துவந்த ஊழியர் ஒருவர் சில வாரங்களாக அளவு தவறுகிறார். மதிய உணவுக்கு மற்றவர்களுடன் அமர்வதில்லை. திங்கட்கிழமைகளில் வேலைக்கு வருவதில்லை. உரிமையாளர் என்ன செய்வார்? இருமுறை எச்சரிப்பார்; மூன்றாம் முறை கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். அவர் இரக்கமற்றவர் அல்லர். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

பணியாளரின் மனநலம் என்றவுடன், அது பெரிய நிறுவனங்களின் விவகாரம் என்று சிறுதொழில் முனைவோர் ஒதுங்கிவிடுகின்றனர். "பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடு, மனநல ஆலோசகரை நான் எங்கே நியமிப்பது?" என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாள்கள் இழக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டுள்ளன. ஆயிரம் பேர் உள்ள ஆலையில் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் ஈடுகட்டுவர். பன்னிரண்டு பேர் உள்ள பட்டறையில் ஒருவர் தளர்ந்தால் ஓர் எந்திரமே நின்றுவிடும்.

ஆலோசகரை நியமிப்பதற்கு முன்பே செய்யக்கூடியவை பல உண்டு. அவற்றுள் முதலாவது, சொன்ன தேதியில் சம்பளம் தருவது என்பது என் கருத்து. சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால் ஊழியரின் வீட்டுக் கடன் தவணை கணக்கில் பணமின்றித் திரும்புகிறது. அதற்குத் தனிக் கட்டணம். பள்ளிக் கட்டணத்துக்குக் கடுவட்டிக்காரரிடம் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கவலையோடு இரவெல்லாம் விழித்திருந்தவர் காலையில் பவர் பிரஸ் முன் நிற்கிறார். ஒரு கணம் கவனம் பிசகினால் விரல் போய்விடும் இடம் அது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் நாள் முடிவதற்குள் தர வேண்டும் என்ற சட்ட விதியைத் தொழிலாளர் பாதுகாப்பு விதியாகவும் மனநல விதியாகவும் நாம் படிக்க வேண்டும்.

"எனக்கே பணம் வரவில்லையே" என்று உரிமையாளர் சொல்லலாம். உண்மைதான், ஆனால் அதற்கும் வழிகள் உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். விற்பனைப் பட்டியல்களை முன்கூட்டியே பணமாக்க 'டிரெட்ஸ்' மின்னணுத் தளங்கள் இருக்கின்றன. இவற்றுடன், ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து, வேறெதற்கும் தொடாமல் வைப்பது நல்ல பழக்கம். அப்படியும் தாமதமானால், தருகின்ற நாளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாமதத்தைக் காட்டிலும், எப்போது வரும் என்று தெரியாத நிலையே மனிதனை அதிகம் அரிக்கிறது.

இரண்டாவது, பேச்சு. தவறு செய்தவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்வது சிறு பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. தனியே அழைத்து, "சில நாள்களாக நீங்கள் வழக்கம்போல இல்லை, தூக்கம் வருகிறதா? வீட்டில் ஏதேனும் சிரமமா?" என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை. நோய்க்குப் பெயர் சூட்டுவது உரிமையாளரின் வேலையன்று. சில வாரங்களுக்கு ஆபத்தான எந்திரத்திலிருந்து மாற்றி, சம்பளம் குறையாமல் இலகுவான பணி தருவது அவரால் முடியும். கேட்டறிந்ததை மற்றவர்களிடம் சொல்லாமல் காப்பதும் அவர் கடமை. ஒருமுறை அது வெளியே கசிந்தால், பிறகு எவரும் வாய் திறக்கமாட்டார்.

மூன்றாவது, எங்கே அனுப்புவது என்று தெரிந்திருப்பது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். அதன் தலைமை மையமான நிம்ஹான்ஸ் மருத்துவமனை பெங்களூரிலேயே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, கடுமையான மனநோய்கள் சிலவற்றுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. உடல் நோய்க்கு அளிக்கும் அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் ஆணை. ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு எடுக்கும்போது இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொருவரையும் மறந்துவிடக் கூடாது. கடன் தவணை, வராத நிலுவை, வரிக் கணக்கு ஆகியவற்றின் சுமையைத் தனியாகச் சுமப்பவர் உரிமையாளர். அவருடைய பதற்றம் காலையில் பட்டறைக் கதவு திறந்த சில நிமிடங்களில் பன்னிரண்டு பேருக்கும் பரவிவிடுகிறது. 14416 அவருக்கும் உரிய எண்தான். அவர் அதை அழைத்ததாக ஊழியர்களிடம் கூச்சமின்றிச் சொன்னால், மற்றவர்களும் அழைப்பார்கள்.

அளவு தவறிய அந்த ஊழியருக்கு நான்காம் முறையும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. முதல் எச்சரிக்கைக்கு முன்பே ஒரு கேள்வி கேளுங்கள் என்கிறேன். பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு கையை இழந்து, புதியவரைத் தேடிப் பழக்குவதைவிட அது மிகவும் எளிது. அடுத்த சம்பள நாளிலிருந்தே தொடங்கலாம்.