தீம் பார்க் ரிசார்ட்டில் ‘ஃபைன் டைனிங்’ தேவையா? குளத்தூர் குடும்பத்தின் பர்ஸை வைத்து ஒரு கணக்கு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த லீவுக்கு எங்கே?’ என்பதுதான். (சென்னை கொளத்தூர் இல்லை, கீரனூர் பக்கத்தில் இருக்கும் குளத்தூர்.) இந்த வருஷம் அந்தக் கேள்விக்குப் புதிதாக ஒரு பதில் சேர்ந்திருக்கிறது. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு. திறப்பின்போது அறிவிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயில் தொடங்கியது.

குளத்தூரிலிருந்து அங்கே போக 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஒரே நாளில் போய்விட்டுத் திரும்புவது கஷ்டம். எங்கேயாவது ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். அங்கேதான் ‘ரிசார்ட்’ என்ற வார்த்தை உள்ளே வருகிறது. அதோடு சேர்ந்து மல்டி குசின், லேக் வியூ டின்னர், செஃப்’ஸ் டேபிள் எல்லாம் விளம்பரத்தில் வந்துவிடுகின்றன.

குழந்தைகளுக்காகப் போகும் இடத்தில் உயர்தர உணவகம் உண்மையிலேயே முக்கியமா? இல்லை, அறை வாடகையை ஏற்றுவதற்கான அலங்காரமா?

முதலில், எதை ‘ஃபைன் டைனிங்’ என்கிறோம்?

ஏசி ஹாலும் துணி நாப்கினும் இருந்தால் மட்டும் அது ஃபைன் டைனிங் ஆகிவிடாது. முன்பதிவு செய்த மேசை, ஒன்றன்பின் ஒன்றாக வரும் உணவு வகைகள், தனி செஃப், உடை விதி, சாவகாசமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடும் அனுபவம், அதற்கேற்ற விலை. இதெல்லாம் சேர்ந்ததுதான் அது. இந்தியத் தீம் பார்க் ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் இருப்பது இதற்கு ஒரு படி கீழே: நல்ல பஃபே, கூடவே ஒரு ‘ஸ்பெஷாலிட்டி’ உணவகம்.

தமிழ்நாட்டில் பொழுதுபோக்குப் பூங்காவும் தங்கும் இடமும் சேர்ந்திருப்பது புதுசு கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும் பூங்கா, கடற்கரை விடுதி இரண்டையும் நடத்தியிருக்கின்றன. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரிலும் தங்கும் வசதி உண்டு. பெங்களூரு பிடதி அருகே உள்ள வொண்டர்லா 2012இல் 84 அறைகளோடு ரிசார்ட் தொடங்கியது. 2025இல் ‘ஐல்’ என்ற பெயரில் சொகுசு விடுதியையும் சேர்த்தது. போக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவு. டிக்கெட்டை மட்டும் நம்பாமல், தங்க வைத்து, சாப்பிட வைத்துச் சம்பாதிப்பது.

நிறுவனங்களுக்கு இதுல என்ன லாபம்?

தீம் பார்க் தொழிலில் செலவு பெரும்பாலும் நிலையானது. ஆயிரம் பேர் வந்தாலும் ஐயாயிரம் பேர் வந்தாலும் ரோலர் கோஸ்டர் ஓட வேண்டும், தண்ணீர் சுத்திகரிக்கப்பட வேண்டும், லைஃப் கார்டு நிற்க வேண்டும். டிக்கெட் விலையை இஷ்டத்துக்கு ஏற்றினால் கூட்டம் குறையும். அதனால் உள்ளே வந்தவர் கூடுதலாக எவ்வளவு செலவழிக்கிறார் என்பதுதான் லாபத்தைத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையில் ‘ஒரு பார்வையாளருக்கான சராசரி வருவாய்’ என்றே தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் டிக்கெட்டுக்கு அடுத்த பெரிய துண்டு சாப்பாடு.

ரிசார்ட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பார்க் சாயங்காலத்தோடு மூடிவிடும். அதற்குப் பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் வளாகத்தில் வேறு போக்கிடம் கிடையாது. ராத்திரி சாப்பாட்டு வருமானம் மொத்தமும் ரிசார்ட்டுக்குத்தான். அதோடு, தேர்வு மாதங்களிலும் மழைக்காலத்திலும் குடும்பக் கூட்டம் குறைந்துவிடும். அந்த நாட்களில் அறைகளை நிரப்புவது கம்பெனி மீட்டிங்குகளும் கல்யாணங்களும். அவர்களை இழுக்க நல்ல உணவகமும் பேங்க்வெட் ஹாலும் வேண்டும்.

ஆக, அந்த லேக் வியூ டின்னர் முதன்மையாகக் குளத்தூர் குடும்பத்துக்காக யோசிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் செலவு அறை வாடகை வழியாக எல்லோர் தலையிலும் கொஞ்சம் விழுகிறது.

வெளிநாடுகளில் நிலவரம் என்ன?

அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்’ என்ற உணவகம் 1988இல் தொடங்கப்பட்டது. 2024இல் மிஷலின் ஸ்டார் வாங்கியது. உலகின் மிகப் பிரபலமான குழந்தைகள் பொழுதுபோக்கு வளாகத்தில் இருக்கும் இந்த உணவகத்தில் 2008 முதல் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது! மிக்கி மவுஸைப் பார்க்க வந்த குழந்தையை விட்டுவிட்டுத்தான் அப்பா அம்மா அங்கே சாப்பிடப் போக முடியும்.

ஜெர்மனியின் யூரோப்பா பார்க்கில் ‘அம்மோலைட்’ என்ற உணவகம் 2012இல் தொடங்கி இரண்டு மிஷலின் ஸ்டார் வரை போனது. அந்த மாதிரி இடங்களுக்கு ரைடே ஏறாமல் சாப்பிட மட்டும் வருகிறவர்களும் உண்டு. அதாவது, அந்த உணவகம் தனியாகவே ஒரு சுற்றுலாத் தலம்.

சாப்பாட்டிலிருந்தே பிறந்த தீம் பார்க்கும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பழத்தோட்டம் வைத்திருந்த நாட் குடும்பத்தின் கோர்டீலியா நாட், 1934இல் வீட்டு டைனிங் ஹாலில் 65 சென்ட்டுக்குக் கோழி வறுவல் சாப்பாடு போட ஆரம்பித்தார். கூட்டம் குவிந்தது. சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று அவர் கணவர் வால்டர் 1940 முதல் ஒரு பழங்கால ‘பேய் நகரத்தை’ உருவாக்கத் தொடங்கினார். அதுவே இன்றைய நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் தீம் பார்க். அங்கே கூட்டத்தை இழுத்தது சொகுசு மேசை இல்லை. கட்டுப்படியான விலையில் வீட்டுச் சாப்பாடு.

நம்ம பக்கத்துலயே ஓர் உதாரணம் இருக்கே?

இருக்கிறது. குளத்தூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில் செட்டிநாடு. காரைக்குடியில் ‘தி பங்களா’, கானாடுகாத்தானில் ‘விசாலம்’, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’ எனப் பாரம்பரிய வீடுகளில் இயங்கும் விடுதிகள். அங்கே வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கும் இலை போட்டுச் சாப்பிடுவதற்குமே வருகிறார்கள். சாப்பாடு சுமார் என்றால் அந்தப் பயணமே வீண். அதனால் அங்கே உயர்தர உணவு அடிப்படைத் தேவை.

தீம் பார்க்கில் கதை வேறு. ஒரு குழந்தை காலை 11 மணிக்கு அலைக் குளத்தில் இறங்கினால் மதியம் ஒன்றரை மணிக்கு நடுங்கிக்கொண்டு, பசியோடு வெளியே வரும். அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது 15 நிமிஷத்தில் கையில் கிடைக்கும் சூடான சாப்பாடு. கூட வந்த பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை போட்டதும் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். ஈரத் துணியோடு உட்கார முடிகிற, நிழலான இடம் வேண்டும். இரண்டு மணி நேரம் நிதானமாக நடக்கும் டின்னரில் ஆறு வயசுப் பையன் இரண்டாவது வகை வருவதற்குள் மேசைக்கு அடியில் இருப்பான். இல்லையென்றால் தூங்கியிருப்பான்.

பில் எவ்வளவு வரும்? வரிதான் ட்விஸ்ட்!

ஒரே வளாகத்தில் மூன்று விதமாக ஜி.எஸ்.டி. வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

• நுழைவுக் கட்டணம்: தீம் பார்க்குகளுக்கு 18 சதவீதம். 2017இல் 28 சதவீதமாக இருந்தது, 2018 ஜனவரியில் குறைக்கப்பட்டது.

• அறை: ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு மேல் என்றால் 18 சதவீதம்.

• சாப்பாடு: சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். ஆனால் முந்தைய நிதியாண்டில் ஓர் அறையையாவது நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகைக்கு விட்ட ஹோட்டல் என்றால், அதற்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். நீங்கள் அங்கே எந்த அறையில் தங்கியிருந்தாலும், தங்காமலே சாப்பிட்டாலும் இதுதான் விதி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, வளர்ந்த பையன் என ஐந்து பேர். அனைவருக்கும் முழு டிக்கெட் 1,489 ரூபாய் என்று வைத்தால் 7,445 ரூபாய். மதியம் பார்க் உணவகத்தில் தலைக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 1,750, வரியோடு சுமார் 1,838. இதே குடும்பம் ராத்திரி 18 சதவீத வரி உள்ள ரிசார்ட் உணவகத்தில் தலைக்கு 1,500 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 7,500, வரியோடு 8,850. சாப்பாட்டு விலைகள் உதாரணத்துக்காக வைத்தவைதான். ஆனாலும், ஒரே ஒரு டின்னர் ஐந்து பேரின் நுழைவுக் கட்டணத்தைவிட அதிகமாகப் போவது எவ்வளவு சுலபம் என்று தெரிகிறதா? கூட இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தால் டிக்கெட்டில் உயரத்தைப் பார்த்துச் சலுகை கிடைக்கலாம். ஆ லா கார்ட் மெனுவில் சின்னப் பிள்ளைக்கும் முழு பிளேட் விலைதான்.

வீட்டிலிருந்து கட்டிச்சோறு கொண்டு போகலாமா?

பெரும்பாலான இந்தியத் தீம் பார்க்குகள் வெளி உணவை அனுமதிப்பதில்லை. சட்டப்படி இது சரியா? திரையரங்குகள் தொடர்பான வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அது தனியார் இடம், உள்ளே எதைக் கொண்டுவரலாம் என்று உரிமையாளர் விதி வைக்கலாம் என்றது. அதே சமயம், குடிநீர் இலவசமாகத் தர வேண்டும் என்பதையும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் பதிவு செய்தது. அந்தத் தீர்ப்பு தியேட்டர்களைப் பற்றியது. ஆனால் தீம் பார்க்குகள் முன்வைக்கும் நியாயமும் ஏறத்தாழ இதேதான்.

ஆனால் சினிமா இரண்டரை மணி நேரம், தீம் பார்க் ஏழெட்டு மணி நேரம். படம் பார்க்கிறவர் பாப்கார்ன் வேண்டாம் என்று இருந்துவிடலாம். தண்ணீரில் ஆடிய குழந்தை மதியச் சாப்பாடு வேண்டாம் என்று இருக்க முடியாது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில்கூட, கண்ணாடி பாட்டில், மது தவிர்த்து, வீட்டு உணவைக் கொண்டுபோகலாம். வெளி உணவைத் தடை செய்யும் பூங்காவுக்குக் கூடுதல் பொறுப்பு வருகிறது. வேறு வழியே இல்லாதவருக்கு விற்கும் சாப்பாடு சுத்தமாகவும் கட்டுப்படியாகவும் இருக்க வேண்டும்.

தெரிந்து வைத்துக்கொள்ள இன்னும் இரண்டு: உள்ளே இருக்கும் கடையில் பாக்கெட் பொருள்களை அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல், உணவகத்துக்கு மட்டும் பாட்டில் தண்ணீருக்கு அதிகம் வாங்க 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இடம் தருகிறது. பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ இருந்தால் அது கட்டாயமில்லை. 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த இந்த வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்போ, ஃபைன் டைனிங் தேவையே இல்லையா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு மூன்று வேளையும் ஒரே பஃபே அலுத்துவிடும். அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் ஒரு ராத்திரியாவது நிதானமாக உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படலாம். வெளியூர் ஆட்கள் தேடி வருகிற அளவுக்கு உணவகம் தரமாக இருந்தால் உள்ளூர் விவசாயிக்கும் மீனவருக்கும் சமையல்காரருக்கும் வேலை கிடைக்கும். ரிசார்ட்டின் ஒரு மூலையில் அது இருப்பதில் தப்பில்லை.

சிக்கல் வருவது, சாப்பிட அது ஒன்றுதான் வழி என்று ஆகும்போது. ராத்திரி எட்டு மணிக்கு, அருகில் வேறு கடை இல்லாத வளாகத்தில், இரண்டு இட்லிக்காக 18 சதவீத வரியுள்ள மெனுவைப் புரட்டும் நிலைமை வரக் கூடாது. குடும்ப ரிசார்ட்டின் தரத்தை அதன் விலை உயர்ந்த மேசையை வைத்துப் பார்ப்பதைவிட, விலை குறைந்த மேசையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே சரி. சூடான இட்லி, காரமில்லாத தயிர் சாதம், பால் காய்ச்ச வெந்நீர், குடிக்க இலவசத் தண்ணீர். இவை சரியாக இருந்தால் மேலே எத்தனை ஸ்டார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

புக் செய்வதற்கு முன் போன் போட்டுக் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. அறை வாடகையில் காலை உணவு சேர்த்தியா? குழந்தைகளுக்கு எத்தனை வயசு வரை இலவசம், எத்தனை வயசு வரை பாதிக் கட்டணம்?

2. ரிசார்ட் உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதமா, 18 சதவீதமா?

3. ராத்திரிச் சாப்பாட்டுக்கு பஃபே மட்டும்தானா? தனித்தனியாக ஆர்டர் செய்ய டிபன் வகைகள் உண்டா?

4. வயதானவர்களின் பத்திய உணவு, மாத்திரை, கைக்குழந்தை உணவு ஆகியவற்றை பார்க்குக்குள் கொண்டுபோக அனுமதி உண்டா?

5. பார்க்கிலிருந்து வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அதே டிக்கெட்டில் திரும்ப வரலாமா?

ஐந்தாவது கேள்விக்கு ‘வரலாம்’ என்று பதில் வந்தால் யோசிக்கவே வேண்டாம். வேனிலேயே புளிசாதம் கட்டி வைத்துவிடலாம்.