பட்டறைச் சுவரில் ஓர் அளவுப் பலகை

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் இழப்புகளைக் கணக்கெடுக்கும்போது வீடு, காணி, மாடு, நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுகிறோம். உளியும் அரமும் வாளும் கிடந்த பழைய சாக்குப் பையை எவரும் கேட்பதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய மக்கள் சுமக்கக்கூடியதைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். இரும்பு பாரமானது. அது பின்னே தங்கிவிட்டது.

பின்னர் நிவாரணமாக மண்வெட்டி வந்தது, அரம் வரவில்லை. கத்தி வந்தது, அதைத் தீட்டக் கல் வரவில்லை. பிடி பிளந்தால் புதிதாக வாங்குவதும், வாங்கக் கடன்படுவதும் பழக்கமாயிற்று. இந்தக் குறையைச் சொல்லும்போது, கொடுத்தவர்களாகிய எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

எமது கருத்து இதுதான்: பத்துக் குடும்பங்களுக்கு ஒரு பொதுப் பட்டறை வேண்டும், அதன் சுவரில் ஓர் அளவுப் பலகையும் வேண்டும். பட்டறைக்கு ஒரு கொட்டில் போதும். கனமான மேசை, இரும்பைப் பற்றிப் பிடிக்க ஒரு வைஸ், மரவாள், இரும்பு வாள், உளி, சுத்தியல், இரண்டு அரம், ஒரு மூலைமட்டம் இருந்தால் வேலை தொடங்கலாம்.

பலகை எதற்கு என்று கேட்கலாம். வேலை தெரிந்த பெரியவர்கள் அளவுகளை மனத்திலே வைத்திருந்தார்கள். அவர்கள் இறந்தபோதும் வேறிடம் போனபோதும் அந்த அறிவும் கூடவே போய்விட்டது. எழுதி வைத்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

பலகையின் முதல் வரி: 1 அங்குலம் 25.4 மில்லிமீற்றர். மரத்தை அடி, அங்குலத்தில் வாங்குகிறோம். இயந்திரத்தின் போல்ட்டுகளோ பெரும்பாலும் மில்லிமீற்றரில் உள்ளன. அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர். ஆகவே அரை அங்குலத் தலைக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டுப் பலமாகத் திருகினால், அது வழுக்கித் தலையின் மூலைகளைத் தேய்த்துவிடும்.

இரண்டாவது, மூலை பார்க்கும் விதி. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து குறியிடுங்கள். இரு குறிகளுக்கும் இடையே 5 அடி இருந்தால் மூலை சரி. கதவு நிலைக்கும் கோழிக்கூட்டுக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

மூன்றாவது, புரி வெட்டுமுன் இடவேண்டிய துளை. சாதாரண புரியுள்ள 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 5, 8க்கு 6.8, 10க்கு 8.5 மில்லிமீற்றர்.

நான்காவது, இரும்பின் நிறம். லொறியின் பழைய வில்தகட்டில் நல்ல கத்தி செய்யலாம். அடித்து உருவாக்கியபின், காந்தம் ஒட்டாத அளவுக்குச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்போது அது கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல உடையும். ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, மீண்டும் மெதுவாகச் சூடாக்குங்கள். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ், கபிலம் 255, ஊதா 275, நீலம் 300. கத்திக்கு வைக்கோல் நிறம் கபிலமாக மாறும்போது நிறுத்தலாம். ஓங்கி வெட்டும் கோடரிக்கு ஊதா வரை போகலாம்.

பிடிக்கு ஒரு சொல்: பச்சை மரத்தில் போட்ட பிடி காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடும். மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். அதன் நார் பிடியின் நீளத்துக்கு ஓட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கட்டும்: இன்னதென்று தெரியாத இரும்பைத் தொடாதே. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின்னரும் வெடிக்காத குண்டுகள் எமது மண்ணில் கிடந்தன. பழைய இரும்பு தேடிப் போனவர்கள் உயிரையும் கை கால்களையும் இழந்திருக்கிறார்கள். ஐயமான பொருளைத் தட்டவோ வெட்டவோ சூடாக்கவோ வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். ஒரு கத்திக்காக ஒரு கையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னுமொரு தடை எமக்குள்ளேயே இருக்கிறது. “அது கொல்லர் வேலை, அது தச்சர் வேலை, எமக்கு உரியதல்ல” என்ற பழைய எண்ணத்தைச் சொல்கிறோம். தறப்பாளின் கீழ் எல்லோரும் ஒன்றாகப் படுத்தோம். பட்டறையில் மட்டும் ஏன் சாதி? அந்தத் தொழிலைத் தலைமுறைகளாகக் காத்தவர்களை ஆசிரியர்களாக அழைத்து, அவர்களுக்கு உரிய ஊதியமும் மதிப்பும் கொடுத்துக் கற்போம். குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்களும் அந்த மேசையில் நிற்கட்டும். அரம் பிடிக்க ஆண் கைதான் வேண்டும் என்பதில்லை.

அடுத்த விதைப்புக்கு முன் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். முதலில் ஒரு பலகையும் ஒரு அரமும் போதும். காணி திரும்பிக் கிடைக்கும் நாளை நாம் தீர்மானிக்க முடியாதிருக்கலாம். அந்த நாளில் எமது மண்வெட்டி கூராக இருப்பதை நாமே தீர்மானிக்கலாம்.