விளையாட்டு விதியும் சட்டமும்

இணைய விளையாட்டில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொடுக்குவது அமெரிக்கச் சட்டத்தில் பொதுவாக ஒப்பந்தமே. படிக்கவில்லை என்ற சாக்கு எடுபடாது. அந்த விதிகளை மீறுவது எவ்வகை மீறல் என்பதில்தான் சிக்கல். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டைத் தானே ஆடிக்கொடுக்கும் ‘கிளைடர்’ மென்பொருள் வழக்கில், 2010இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கோடு கிழித்தது: தானியங்கி மென்பொருளுக்கு விதித்த தடையை மீறும் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை மீறுகிறார், பதிப்புரிமையை அல்ல. சரியான முடிவு, இல்லையேல் நிறுவனம் எழுதும் ஒவ்வொரு வரியும் பதிப்புரிமைச் சட்டத்தின் பலம் பெற்றுவிடும். (விளையாட்டு நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளுக்கு டிமிக்கி கொடுத்ததற்காகக் கிளைடரைத் தயாரித்தவர் தப்பவில்லை என்பது வேறு கதை.) நிறுவனத்துக்கும் வரம்புண்டு. ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய மெய்நிகர் உலகில் கணக்கு முடக்கம் தொடர்பான வழக்கில், பயனரைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்குத் தள்ளும் பிரிவு நியாயமற்றது என்று 2007இல் பென்சில்வேனியா கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செயல்படுத்த மறுத்தது.