தேவதைப் பட்டம் வேண்டாம். ஓய்வு நேரம் கொடு!

 

2020 மார்ச் 22-ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாமும்தான் கை தட்டினோம். தாராவிச் சந்துகளிலும் தட்டுகள் முழங்கின. ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்று நர்சுகளைப் புகழ்ந்தோம். கைதட்டல் ஓய்ந்தது. அவர்களுடைய டியூட்டிப் பட்டியல் மாறியதா?

நம் தெருவிலேயே ஒரு நர்ஸ் இருக்கிறார். பெயரைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். மாலை டியூட்டி இரவு 9 மணிக்கு முடிய வேண்டும். அடுத்த ஆளிடம் மருந்துக் கணக்கை ஒப்படைத்துக் கிளம்ப 10 மணி. லோக்கல் பிடித்து வீடு சேர 11. பிறகு சோறு, பாத்திரம், பிள்ளைகள். மறுநாள் காலை 7 மணிக்கு மீண்டும் டியூட்டி! அதிகாலையில் குழாயில் தண்ணீரும் பிடித்தாக வேண்டும். நாலு மணி நேரம்கூட உறங்காத அந்தக் கைதான் நம்மைப் பெற்றவளுக்கு ஊசி போடுகிறது. இது அவர் பிரச்சினை மட்டும்தானா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-லேயே நர்சுகளுக்காகத் தனி உடன்படிக்கை கண்டது. ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையே 12 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது அதனுடன் வந்த பரிந்துரை. இந்திய அரசு அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. இரவு ஷிப்டு புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-ல் எச்சரித்தது. 2019-ல் மீண்டும் அதையே சொன்னது.

“நர்ஸ் தொழில் சேவை, மணிக்கணக்குப் பார்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். சேவை செய்பவளுக்கு உடம்பு இல்லையா? இதே பம்பாயில் லோகண்டே தலைமையில் போராடி மில் தொழிலாளர்கள் ஞாயிறு விடுமுறை பெற்றது 1890-ல். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது 1923-ல். மில்லுக்கு ஒரு நியாயம், வார்டுக்கு ஒரு நியாயமா?

“அப்படியானால் பெண்களுக்கு இரவு வேலையே வேண்டாம்” என்று சிலர் பரிவு காட்டுகிறார்கள். 1973-ல் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் வேலை முடித்து உடை மாற்றப் போன அருணா ஷான்பாக் தாக்கப்பட்டார். 2015-ல் இறக்கும்வரை 42 ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தார். அன்று பம்பாய் நர்சுகள் வேலைநிறுத்தம் செய்து கேட்டது பாதுகாப்பை. வீட்டுச் சிறையை அல்ல! 2024-ல் கொல்கத்தாவில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டபோது, பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்கலாம் என்றது மேற்கு வங்க அரசு. பாதுகாப்புத் தருவதே அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

“பணமில்லை” என்பது அடுத்த பாட்டு. மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய்! போதனை மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர், விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் ஆட்கள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். சயான் ஆஸ்பத்திரி வார்டுக்குள் போய் எண்ணிப் பாருங்கள், உண்மை விளங்கும்.

நம் குறையையும் மறைக்க வேண்டாம். இரவெல்லாம் விழித்து வந்த மனைவியைப் பகலில் உறங்க விடாத கணவன்மார் நம்மிடையே இல்லையா? ஆள் பற்றாக்குறைக்குப் பொறுப்பான நிர்வாகத்தை விட்டுவிட்டு, வார்டில் நிற்கும் நர்ஸ்மேல் கை ஓங்கும் உறவினர்கள் நாம்தானே?

நம் கோரிக்கைகள் இவை: ஒரு மாதத்துக்கு முன்பே டியூட்டிப் பட்டியல், ஷிப்டுகளுக்கிடையே 12 மணி நேர ஓய்வு, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி, பூட்டுள்ள ஓய்வறை, இரவில் வண்டி வசதி, காலியிடங்களில் நிரந்தர நியமனம். ஒப்பந்த நர்சுகளுக்கும், தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இதே உரிமை!

தாராவி, மாதுங்கா, செம்பூர் கிளைகள்தோறும் தீர்மானம் போடுவோம். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் முதல் கேள்வியாக இதைக் கேட்போம். கை தட்டியது போதும். இனி கை கோப்போம்!