பேய்க்கு எதற்குத் தனி நடிகை?

பேய்ப்படம் ஒன்றில் பேயாக நடிக்கப்போவது யார் என்ற செய்தி வந்தாலே நம்மிடையே இரண்டு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. 2022இன் இறுதியில், 'சந்திரமுகி 2' படத்தில் கங்கனா ரனாவத் சந்திரமுகியாக நடிப்பார் என்ற அறிவிப்பு வந்தபோது, பழையசீவரத்துத் தேநீர்க் கடையிலும் எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் ஒரே வினாதான்: வடநாட்டு நடிகைக்கு இந்த வேடம் பொருந்துமா? படம் 2023 செப்டம்பரில் வந்து போயிற்று. வினா மட்டும் ஒவ்வொரு புதிய பேய்ப்படத்தின்போதும் திரும்ப வருகிறது. அந்த வினாவே பிழையானது என்பது நம் கருத்து.

1993இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நடனப்பெண். பி. வாசு அக்கதையைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) என்றும் தமிழில் 'சந்திரமுகி' (2005) என்றும் எடுத்தபோது அவள் தெலுங்குப் பெண்ணானாள். இந்தியில் வந்த 'பூல் புலையா' (2007) அவளை வங்காளியாக்கியது. ஆக, எந்த மொழியினரும் பேயைத் தம் மொழி பேசவிடவில்லை. அயலாளுக்கென்றே எழுதப்பட்ட வேடத்தில் அயலார் நடிப்பதைக் குறைகூறுவதில் பொருளில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. ஷோபனா, சௌந்தர்யா, ஜோதிகா, வித்யா பாலன் ஆகிய நால்வரும் மனைவியாகவும் பேயாகவும் ஒரே உடலில் நின்றவர்கள். காலையில் கணவனுக்குக் காப்பி கொடுத்த கைதான் இரவில் அவன் கழுத்தை நாடுகிறது. அச்சம் பிறப்பது அங்கேதான். ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததும் அந்த இரட்டை நிலைக்காகவே என்று கருதுகிறோம். 'சந்திரமுகி 2' படத்திலோ சந்திரமுகிக்குத் தனி நடிகை. அவளால் பீடிக்கப்படும் பெண்ணாக லட்சுமி மேனன். பேய்க்குத் தனி உடல் கொடுத்தாகிவிட்டது. இனி அது வெளியிலிருந்து வந்தது, விரட்டினால் போய்விடும். வீட்டுப் பெண்ணின் மனத்துக்குள் எவரும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை.

நம் மரபு இப்படிப் பிரித்ததில்லை. காரைக்காலில் இல்லறம் நடத்திய புனிதவதியே, கணவன் அஞ்சி விலகியபின் தசை உதறிப் பேயுருக் கொண்டாள். தன் பாடல்களில் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்டாள். பாலாற்றங்கரை ஊர்களில் பாரதக் கூத்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அருள்வந்து எழும் பெண்களை நாம் கண்டிருக்கிறோம். சற்றுமுன் வரை மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவள்தான் அவள். ஊரே அவள் முன் கைகட்டி நின்று, "என்ன வேணும் தாயே?" என்று கேட்கிறது.

இந்தக் கேள்வியின் அருமை நமக்குத் தாமதமாகத்தான் விளங்கிற்று. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, படிப்பை நிறுத்தி மணம் பேசிய வாரத்தில், வேறு குரலில் பேசத் தொடங்கினாள். ஆற்றங்கரையில் ஏதோ அடித்துவிட்டது என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். பேய் இறங்கியதாம், குறித்த நாளில் மணமும் நடந்தது. பேய்க்கு என்ன வேண்டும் என்று பலமுறை கேட்டவர்கள், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. பந்தியில் அமர்ந்து உண்டுவந்த நாமும் கேட்கவில்லை.

ஆகவே, அடுத்த பேய்ப்படத்திற்கான நடிகையர் அறிவிப்பு வரும்போது, பேயாக வருபவர் எந்த ஊர்க்காரர் என்று நாம் பார்க்கப்போவதில்லை. அந்த வீட்டில் சோறு வடிக்கும் பெண்ணாக யாரைப் போட்டிருக்கிறார்கள், அவளுக்குப் பேச ஏதேனும் எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்ப்போம்.