பச்சைத் தண்ணீர்

போடிநாயக்கனூர்க்காரனுக்கு வெளியூரில் ஒரே மரியாதைதான். ‘ஊருக்குப் போறீங்களா? வர்றப்ப கால் கிலோ ஏலக்காய்!’ கூடவே ஒரு கண்டிஷன்: ‘நல்ல பச்சையா பாத்து வாங்குங்க ஸார்.’

போன தடவை பார்த்துப் பார்த்துக் கிளிப்பச்சையில் வாங்கினேன். (கடைப் பெயர் வேண்டாம்.) மாமியார் அந்தக் காலத்தில் தோட்டத்தில் காய் எடுத்தவர். ஒரு காயை மோந்து பார்த்தார். பேசவில்லை. ஒரு டம்ளரில் பச்சைத் தண்ணீர் கேட்டார். நாலு காயைப் போட்டார். ஐந்தே நிமிடம், தண்ணீர் நிஜமாகவே பச்சை!

“மாப்பிள்ளை தலையில நல்லா கட்டிட்டானுக” என்றார், சுவரைப் பார்த்து.

விஷயம் இதுதான். காயின் சொந்தப் பச்சை, இலையில் இருக்கிற அதே பச்சை, தண்ணீரில் கரையாது. சாயம் கரையும். மலையில் ‘ஸ்டோர்’ என்கிற உலர்த்தும் அறையில், ஐம்பது டிகிரி சூட்டில், கிட்டத்தட்ட ஒரு நாள் பக்குவமாகக் காய வைத்தால் பச்சை நிற்கும். வெயிலில் போட்டாலோ, நாள்பட்டாலோ வெளுக்கும். வெளுத்தால் விலை விழும். அங்கேதான் சாய டப்பா திறக்கிறது. மஞ்சளுக்கு டார்ட்ரசைன், நீலத்துக்கு பிரில்லியன்ட் ப்ளூ, கலந்தால் கிளி! மிட்டாய், ஐஸ்க்ரீமுக்கு இரண்டையும் சட்டம் அளவோடு அனுமதிக்கிறது. ஏலக்காய்க்குத் துளிகூடக் கூடாது.

சாப்பிட்டால் என்ன ஆகும்? நாலு காயில் யாரும் சுருண்டு விழப்போவதில்லை. டார்ட்ரசைன் சிலருக்குத் தோலில் தடிப்பு கிளப்பும். 2007-ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் ஆய்வில், இதுவும் இன்னும் சில சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடித்த குழந்தைகளில் சிலருக்குத் துறுதுறுப்பு கூடியது. 2010 முதல் ஐரோப்பிய யூனியனில் அந்தச் சாயங்களுக்கு லேபிளில் எச்சரிக்கை கட்டாயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம், திருட்டுத்தனமாகப் பூசுகிறவன் நல்ல சாயமாகப் பார்த்தா பூசுவான் என்பதுதான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே, அதில் இருந்தது ரோடமின்-பி. துணிச்சாயம் ஸார்!

இதற்குள் அதே காயில் கால் கிலோ மதுரை நண்பர் வீட்டுக்குப் போயாகிவிட்டது. அவருடைய நாலு வயசுப் பையனுக்கு ராத்திரி பாலில் தினம் ஏலக்காய். வெட்கத்தை விட்டு போன் செய்து, கொட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் மாமியாரே பொறுக்கிக் கொடுத்த காயோடு போனேன். லேசாக வெளுத்த தோல். உரித்தால் பிசுபிசுவென்று கறுப்பு விதை, அறையே மணத்தது. நண்பர் ஒரு காயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் ஸார், பச்சையா கிடைக்கலையா?”